அன்றைய நான், இன்றைய நான்: எழுத்து மேசை நாட்குறிப்பு

மார்ச் 2

என் தன்வரலாற்றில் வீடு காலி செய்த அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். அப்பாவுக்கு வேலை போய், வாடகை பாக்கி ஏறி, என் ஒன்பதாவது வயதில் நாங்கள் வெளியேறிய நாள். எழுத உட்கார்ந்தாலே வாக்கியங்கள் துயரத்தின் பக்கம் சாய்கின்றன. ஆனால் அன்று நான் துயரப்படவே இல்லை. லாரியின் பின்புறம், கட்டிலுக்கும் மெத்தைச் சுருளுக்கும் நடுவில் உட்கார்ந்து வரலாம் என்று அப்பா சொன்னதும் துள்ளிக் குதித்தேன். அந்தத் துள்ளலை அப்படியே எழுதினால்தான் அத்தியாயம் நிற்கும். அதை மறைத்துவிட்டுச் சோகமான ஒரு சிறுவனை லாரியில் ஏற்றினால், அவன் என் பெயரைத் தாங்கிய வேறு யாரோ.

தன்வரலாறு எழுதுகிறவருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அன்று அதை வாழ்ந்தவர். மற்றவர், அதன் பிறகு என்னென்ன நடந்தது என்பதெல்லாம் தெரிந்தவர். தெரிந்தவருக்குப் பேச்சு அதிகம். வாசகரோ தெரியாதவரோடு போகத்தான் வந்திருக்கிறார்.

மார்ச் 3

இன்று முழுவதும் ஆணிகள்.

அம்மா சுவரில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். காலண்டர் மாட்டியிருந்தது, கண்ணாடி மாட்டியிருந்தது, கொடிக் கயிறு கட்டியிருந்தது. பிடுங்கும்போது வளைந்தவற்றை வாசற்படியில் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினாள். பவுடர் டப்பா ஒன்றில் அவற்றைப் போட்டு என்னிடம் கொடுத்தாள். லாரி குலுங்கிய போதெல்லாம் டப்பா சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்காகவே நான் அதை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சிறுவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆணி வாங்கக்கூடக் காசு இல்லை என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கிறது. சேர்க்கப்போவதில்லை. நிமிர்த்திய ஆணியைப் பார்த்த வாசகருக்கு அந்த வரி தேவையில்லை. சொன்னால் அவர் தானாகக் கண்டுகொண்டதை அவரிடமிருந்து பறித்ததாகும்.

மார்ச் 6

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைச் சொல்லும் மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். கதை எழுதுகிறவர்கள் இதை இலக்கணம் என்று ஒதுக்கி வைப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். ‘இளிவே இழவே அசைவே வறுமையென’ என்று அழுகைக்குக் காரணம் வகுத்திருக்கிறது. பிறர் இழிவுபடுத்துவது, உள்ளதை இழப்பது, முன்பிருந்த நிலை கெடுவது, வறுமை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அன்று அவளை அழுத்தியது இந்த நான்கில் எது? வறுமை என்றால் காட்சி சமையலறையில் நடக்க வேண்டும். இழவு என்றால் விற்றுவிட்ட தையல் இயந்திரம் இருந்த மூலை வர வேண்டும். இளிவு என்றால் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று, “எல்லாம் எடுத்து வைத்துவிட்டீர்களா?” என்று கேட்டதும், அம்மா திரும்பிப் பார்க்காமலேயே “ஆயிற்று” என்று சொல்லி அடுத்த ஆணியைப் பிடித்ததும் வர வேண்டும். ‘அவள் மனம் உடைந்தாள்’ என்று எழுதிவிட்டால் இந்த மூன்று காட்சிகளும் ஒரே சேற்றில் கலந்துவிடும். நான் வாசல் காட்சியை எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டும் உண்மைதான். இந்த அத்தியாயத்துக்கு அவை வேண்டாம்.

மார்ச் 9

நாவல் எழுதும் தம்பி ஒருவர் முதல் ஐந்து அத்தியாயங்களை அனுப்பியிருந்தார். மூதாட்டி ஒருத்தி தன் பதினேழு வயதை நினைத்துச் சொல்லும் கதை. நல்ல மொழி. ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் ‘அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது’ என்ற தொனியில் முடிகிறது.

“வாசகர் புத்தகத்தை மூடிவிடக் கூடாது என்றுதான் அண்ணா அப்படி வைத்தேன்” என்றார்.

“முதல் தடவை நிமிர்ந்து உட்கார்வார். நான்காவது தடவை, எல்லாம் தெரிந்த கிழவி ஒருத்தி தன்னை இழுத்தடிக்கிறாள் என்று நினைப்பார். ஒரே ஓர் இடத்தில் வையுங்கள். மற்ற இடங்களில் அந்தப் பெண் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்பதே வாசகரைக் கூட்டிக்கொண்டு போகட்டும்” என்றேன்.

புனைகதையிலும் இதே இரண்டு பேர்தான். பாத்திரத்துக்குத் தெரியாததை ஆசிரியர் எத்தனை நேரம் வாய் திறக்காமல் தாங்குகிறார் என்பதில்தான் இறுக்கம் இருக்கிறது.

மார்ச் 13

நாங்கள் லாரியில் கிளம்பியது இரவுதானே என்று அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். “இரவா? நல்ல மத்தியானம். லாரித் தகரம் சுட்டது என்று நீ அழுதாயே” என்றாள். எனக்கோ தெருவிளக்குகள் பின்னால் நகர்வது இன்றும் கண்ணில் இருக்கிறது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே, செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டோம் என்று மாணவர்களை எழுதச் சொன்னார்கள் உல்ரிக் நைசர், நிகோல் ஹார்ஷ் என்ற உளவியல் ஆய்வாளர்கள். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். கால்வாசிப் பேர் சொன்னது அவர்கள் முன்பு எழுதியதோடு எதிலுமே ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பலர் தங்கள் நினைவைப் பற்றி மிக உறுதியாக இருந்தார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தன்வரலாறே பொய் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எனக்கு இது ஓர் ஒழுக்கத்தைத் தருகிறது: அக்காவின் மத்தியானத்தையும் என் தெருவிளக்குகளையும் அடுத்தடுத்து வைப்பேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நினைவில் இல்லாத உரையாடலை மேற்கோள் குறிக்குள் போடவும் மாட்டேன். பக்கத்து வீட்டு அம்மாளின் கேள்வி தப்பியது, அது அக்காவுக்கும் அதே சொற்களில் நினைவிருப்பதால்தான்.

மார்ச் 15

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வரத் தொடங்கியது. 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. அதில் 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்துக்கு அடிக்கடி திரும்புகிறேன். தான் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் இளம் ஆசிரியர் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் அசையவில்லை, இவற்றைப் படித்து என்ன பயன் என்கிறார். பிறகுதான் சீவக சிந்தாமணி என்ற பழைய காப்பியத்தின் பேச்சு வருகிறது.

இதை எழுதும்போது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. 1887இல் சிந்தாமணியை அச்சேற்றியவர், அதன் பின் வாழ்நாள் முழுவதும் பழைய நூல்களைப் பதிப்பித்தவர். அந்தப் பெருமையை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, அடுக்கிச் சொல்லியும் மதிப்புக் கிடைக்காத இருபத்தைந்து வயதுக்காரரின் திகைப்பை மட்டும் உள்ளே விடுகிறார். அந்த அடக்கத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆசை, பேராசை.

மார்ச் 19

ஆணி அத்தியாயத்தை அக்காவுக்கு அனுப்பினேன். உயிரோடு இருப்பவர்கள் வரும் பக்கங்களை அச்சுக்கு முன் அவர்களிடம் காட்டிவிடுவது என் வழக்கம். தகவல் பிழையைத் திருத்துவேன். என் பார்வையை மாற்றிக்கொள்ள மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது அப்பாவின் அத்தியாயம். அவர் இல்லை, பதில் சொல்லவும் முடியாது. அதனால் அவர் தரப்பை நானே தேடியாக வேண்டும். வேலை போன செய்தியைக் கேட்டுவிட்டு அன்று மாலை அவர் எங்கே போனார், ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தார் என்று அவருடைய நண்பர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகிறேன். அதுவரை அந்தப் பக்கத்தில் நடு இடம் காலியாக இருக்கும்.