வண்டி பிடித்தது, பேப்பர் பிடிக்கவில்லை

பழைய ஆட்டோ வாங்கும்போது இன்ஜினைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று ஸ்டாண்டில் எல்லாரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். நல்ல மெக்கானிக் ஒருவர் கூட வந்தால் கால் மணி நேரத்தில் இன்ஜினின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பெயர் இருக்கிற ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. நான் அட்வான்ஸ் கொடுத்த வண்டியின் சொந்தக்காரர் 2021லேயே காலமாகிவிட்டிருந்தார். புரோக்கர் அதைச் சொல்லவே இல்லை.

முதலில் ஏன் பழைய வண்டி என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர், ஆவடி பக்கம் நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்தாலும், சவாரி இல்லாமல் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாலும் ராத்திரி வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும். புது வண்டி எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்தைத் தாண்டும், டியூ கட்ட வேண்டும். சென்னையில் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் போட்டது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு புது வண்டிக்கு டியூ கட்டுவது எனக்குச் சரிப்படவில்லை.

மச்சான் லோடு ஆட்டோ வாங்கச் சொன்னார். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே (வாடகைக்கு ஓட்ட அரசு தரும் அனுமதி) தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்க என் முதுகு ஒத்துழைக்காது. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வண்டி எட்டு வயசுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். எட்டு வருஷம் வரைக்கும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் தரும் சான்று) இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதைத் தாண்டினால் வருஷா வருஷம். எஃப்.சி. என்றால் ஆபீசில் கட்டுகிற பணம் மட்டும் இல்லை. டிங்கர் வேலை, பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், மீட்டர், அந்த நாட்களில் ஓடாத ஓட்டம் எல்லாம் சேரும். விலை குறைவாக இருக்கிறதே என்று பத்து வருஷ வண்டியை எடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஆன்லைனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சென்னை வண்டி, சென்னை பெர்மிட் என்று போட்டிருந்தார்கள். போனில் கேட்டபோதும் "ஆமா சார், மெட்ராஸ் வண்டிதான், ஊருக்குக் கொண்டுவந்து வெச்சிருக்கேன்" என்றார் விற்பவர். படத்தில் நம்பர் பிளேட் மேல் துணி கிடந்தது. விழுப்புரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அவர் வீட்டு வாசலில் இறங்கினால், டி.என். 32 என்று விழுப்புரம் நம்பர் பல்லைக் காட்டுகிறது. பெர்மிட்டும் அந்த மாவட்டத்துக்குத்தான். "அதெல்லாம் மாத்திக்கலாம் சார், ஒண்ணும் இல்ல" என்றார். மாற்ற வேண்டுமென்றால் அங்கே அந்த பெர்மிட்டை ஒப்படைத்து, இங்கே புதிதாக பெர்மிட் போட வேண்டும். போதாததற்கு ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் ஃபைனான்ஸ் கடன் இருக்கிறது என்ற பதிவு) வேறு நிற்கிறது. டியூ எப்போதோ முடிந்துவிட்டதாம். முடிந்திருந்தால் ஃபைனான்ஸ்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. கடிதமும், கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35ம் வாங்கி எச்.பி.யை எடுத்திருக்க வேண்டும். "ஃபைனான்ஸ் ஆபீஸ் இப்ப இடம் மாறிடுச்சு சார்" என்று பதில் வந்தது. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான்: நம்பரை அனுப்பாதவரிடம் பேச்சே கிடையாது. நம்பர் கிடைத்தால் எம்பரிவாகன் என்கிற அரசு ஆப்பில் போட்டுப் பார்த்துவிடலாம். எந்த ஆபீசில் பதிவு, எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை, வரி கட்டியிருக்கிறதா, எச்.பி. இருக்கிறதா, எல்லாம் தெரியும். இ-செல்லான் (போலீஸ் அபராதம்) பாக்கி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு குறை, சொந்தக்காரர் பெயரைப் பாதி எழுத்துக்கு நட்சத்திரம் போட்டு மறைத்துக் காட்டும். அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால்தான் என் கதை இருந்தது.

ஒரு புரோக்கர் வழியாக ஆவடி பக்கம் ஒரு பஜாஜ் ஆர்.இ. வந்தது. ஆறு வயசு வண்டி. தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போனோம். அது அவர் யோசனை. விற்கிறவர்கள் நாம் வருவதற்குள் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான இன்ஜின் எதையும் காட்டிக்கொடுக்காது. அண்ணன் போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தவுடன் பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டர் முறுக்கியபோது நீலப் புகை இல்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். கால்மிதியைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டிப் பார்த்தார். துரு தின்ற இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்துப் பெயின்ட் பூசியிருந்தால் தட்டும் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். ஃபோர்க் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கையை லேசாக விட்டு ஓட்டிப் பார்த்தார். சேசிஸ் நம்பரை ஆர்.சி. ஜெராக்ஸோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். எரிபொருள் என்று ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்தார், ஏனென்றால் கேஸ் கிட் மாட்டிவிட்டு ஆர்.சி.யில் ஏற்றாத வண்டிகள் நிறைய இருக்கின்றன. எல்லாம் சரி. "இந்த விலைக்கு இந்த வண்டி கிடைக்காதுப்பா" என்றார்.

ஆர்.சி.யில் வேறு பெயர் இருந்தது. கேட்டேன். வண்டியைக் காட்டிய பையனின் அப்பாவாம். "அப்பா ஊர்ல இருக்காரு, கையெழுத்துக்கு வந்துடுவாரு" என்றார் புரோக்கர். பையன் ஒன்றும் சொல்லாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீதில், பெயர் மாற்றம் நடக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று என் கையாலேயே எழுதி புரோக்கரிடம் கையெழுத்து வாங்கினேன். "என்ன தம்பி, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினேன். அட்வான்ஸ் கொடுக்கிற எல்லாரும் அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதிப் பேச்சுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார்கள். உள்ளே போனால் சுவரில் அப்பா, மாலையோடு, சின்ன சிவப்பு பல்பு எரிகிறது.

புரோக்கருக்கு முகம் ஒன்றும் மாறவில்லை. பையைத் திறந்து பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 எடுத்து நீட்டினார். விற்பவர் இடத்தில் கையெழுத்து ரெடி. "அவரு இருக்கும்போதே போட்டு வெச்சது தம்பி, ஒண்ணும் பிரச்சனை வராது." தேதி மட்டும் போடவில்லை. செத்தவர் கையெழுத்தில் வண்டி வாங்கி நாளைக்கு யாரையாவது இடித்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது? எழுந்துவிட்டேன். அப்போதுதான் பையனின் அம்மா உள்ளேயிருந்து வந்தார்கள். வீட்டுக் கடன், பெண் கல்யாணக் கடன் என்று சொல்லி, "முறைப்படி என்ன செய்யணுமோ செய்து தர்றோம் தம்பி" என்றார்கள். வண்டியும் நல்ல வண்டி. சரி, முறைப்படி வழி என்ன என்று பார்ப்போம் என்று பையனைக் கூட்டிக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆன்லைன்ல போட்டுட்டு வாங்க."

போட்டோம். ஓ.டி.பி. இறந்தவரின் நம்பருக்குப் போகிறது. அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. மறுபடியும் கவுண்டர்.

"நம்பர் மாத்தணும்னா ஓனர் வரணும்."

"ஓனர் இறந்துட்டாருங்க."

"அப்ப நம்பரை எப்படி மாத்துவீங்க?"

அதைத்தான் நாங்களும் கேட்கிறோம் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே வேறொரு மேஜையில் இருந்த வயதான அலுவலர்தான் பேப்பரில் எழுதிக் காட்டினார். சொந்தக்காரர் இறந்துவிட்டால் ஃபார்ம் 29, 30 செல்லாது. ஃபார்ம் 31 போட்டு முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் எல்லாம் வேண்டும். அதற்கப்புறம்தான் வாரிசு எனக்கு விற்க முடியும். பெயர் மாற்றம் இரண்டு தடவை, செலவும் இரண்டு தடவை.

அதுகூடப் பரவாயில்லை. பெர்மிட்தான் இடித்தது. மோட்டார் வாகனச் சட்டம் 82வது பிரிவின்படி பெர்மிட் வைத்திருப்பவர் இறந்தால், வண்டியை வைத்திருக்கிற வாரிசு முப்பது நாளுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மூன்று மாதம் அதே பெர்மிட்டில் ஓட்டலாம், அந்த மூன்று மாதத்துக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இந்தப் பையன் யாருக்கும் எதுவும் தெரிவிக்கவில்லை. வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறான். நடுவில் எஃப்.சி.யும் காட்டியிருக்கிறார்கள், இன்சூரன்ஸும் அப்பா பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்திருக்கிறார்கள். அதனால் ஆப்பில் எல்லாம் பச்சையாகவே தெரிந்தது. பெர்மிட் பேப்பரில் தேதி இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது யாருக்குக் கொடுத்ததோ அவர் இல்லை.

பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுக்கு இதெல்லாம் நிஜமாகவே தெரியாது. கல்யாணமான அக்கா கையெழுத்துப் போட மாட்டாள் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னான், சொத்துத் தகராறாம். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

அட்வான்ஸைத் திருப்பி வாங்கியது தனிக் கூத்து. புரோக்கர் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது "வேணாம்னு சொன்னது நீங்கதானே" என்றார். ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அவர் உட்காரும் டீக்கடைக்கே போய் நாலு பேர் முன்னால் படித்தும் காட்டினேன். தவணையாகத் தந்தார். அலைச்சல் செலவு என்று ஐநூறு பிடித்துக்கொண்டார். யாருடைய அலைச்சல் என்று கேட்டேன், பதில் இல்லை. அந்த ஐநூறு இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் வாங்கியது ஒரு டி.வி.எஸ். கிங். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்ட வேண்டாம் என்று முடிவு செய்த பெரியவர் ஒருவரின் சொந்த வண்டி. சென்னை பெர்மிட், எச்.பி. இல்லை, செல்லான் பாக்கி இல்லை, ஆர்.சி.யில் இருந்த பெயருக்குரியவர் என் எதிரிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். போனில் வந்த ஓ.டி.பி.யைக் கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னார். பெயர் மாற்றம், பெர்மிட் மாற்றம் இரண்டுக்கும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அவரிடம்கூட ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது. முழுப் பணம் கொடுத்துவிட்டால் போதும், பெயரை மெதுவாக மாற்றிக்கொள் என்றார். விற்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதும் பெரியவர் மறுநாளே ஆபீசுக்கு வந்துவிட்டார். ஃபார்மைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசை எண்ணிக்கொண்டு போகிறவர்கள், ஆப்பில் பெயர் மாறுகிற வரைக்கும் விடாதீர்கள்.

ஆர்.சி. கையில் தருவதில்லை, ஸ்பீடு போஸ்ட்டில் வருகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் கதவு எண்ணையும் போன் நம்பரையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். பக்கத்து வீட்டில் நின்ற போஸ்ட்மேனைத் தெருமுனை வரை துரத்திப் போய்த்தான் நான் வாங்கினேன். கார்டு வந்த கையோடு இன்சூரன்ஸையும் என் பெயருக்கு மாற்றிவிட்டேன். மீட்டர் முத்திரை பாக்கி இருக்கிறது. ஸ்டாண்டில் சேர்த்துக்கொள்ளச் சங்கத்தில் கேட்கிற தொகையைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. அதுவரை ஆப் சவாரிதான்.