மஞ்சக்காட்டுக்கு வறட்சி இன்சூரன்ஸ் போடலாமுங்களா?

பயிர் காப்பீடுன்னு பேச்செடுத்தாலே எங்கூர்ப் பக்கம் "அதெல்லாம் மானாவாரிக்காரங்களுக்குங்க, நமக்குத்தான் வாய்க்கா இருக்குது, போர் இருக்குதே"ம்பாங்க. 2016ல வடகிழக்கு மழை ஏமாத்தி, 2017 ஜனவரியில தமிழ்நாடு பூரா வறட்சின்னு அறிவிச்சாங்கல்ல, அப்ப பெரிய அடி வாங்குனது எம்பட கணக்குல தண்ணிய நம்பி காசு போட்டவன்தான். சோளம் வெதச்சவனுக்கு வெதையும் ஒழவும் போச்சு. மஞ்சள் போட்டவன் வெதமஞ்சள், எரு, களையாளு கூலி, சொட்டுநீர் பைப்புன்னு எல்லாத்தையும் கொட்டி முடிச்சு, கெழங்கு பெருக்கற நேரத்துல போர் காத்து ஊதுனா என்ன பண்ணுவான், கடன வாங்கி இன்னொரு போர் போடுவான், அது ஆயிரம் அடியிலயும் பொகையாத்தான் பறக்கும்.

2016ல வந்த பிரதமர் பயிர் காப்பீட்டுல மஞ்சள் மாதிரி பயிருக்கு நாம கட்டறது அதிகபட்சம் காப்பீட்டுத் தொகையில 5%, மிச்ச பிரீமியத்த அரசாங்கம் கட்டுது. பிரச்சன கட்டறதுல இல்லீங்க, நஷ்டத்த அளக்கறதுலதான். வறட்சின்னா உங்க காட்ட வந்து பாக்க மாட்டாங்க, பிர்க்கா (பல கிராமம் சேந்த வருவாய் பகுதி) மொத்தத்துக்கும் சேத்தி ஒரு மகசூல் கணக்கு எடுப்பாங்க. இவ்வளவு வெளையோணும்னு திட்டத்துல வெக்கற உத்தரவாத மகசூல் 1000 கிலோன்னு வெச்சு சராசரி 800 வந்தா, காப்பீட்டுத் தொகையில 20% எல்லாருக்கும். வானம் பாத்த காட்டுக்கு இது ஓரளவு சரி, காஞ்சா எல்லார் காடும் ஒண்ணாத்தான் காயும். போர் அப்படியா? எம்பட போர் வத்தியிருக்கும், வேலிக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் ரெண்டு இஞ்ச் தண்ணி எடுத்துட்டிருப்பார். சராசரியில எம்பட நஷ்டம் காணாமயே போயிரும்.

காங்கயம் பக்கம் எங்க மாமா ஒருத்தர்கிட்ட "ஏனுங் மாமா, இன்சூரன்ஸ் வந்துதுங்களா?"ன்னு கேட்டேன். "எங்க மாப்ளே, லாரித்தண்ணி ஊத்திக் காப்பாத்திப்போட்டனல்லொ. காய உட்டிருந்தா குடுத்திருப்பானாட்ட இருக்குது"ன்னார். கிண்டலாத்தான் சொன்னார், ஆனா விஷயம் அதேதான். மகசூல் கொறையலீன்னா நஷ்டமே இல்லைங்கறது திட்டத்தோட கணக்கு, லாரிக்காரனுக்கு குடுத்த காசு எந்த ஃபார்ம்லயும் வராது.

சரி, மழையளவ வெச்சு குடுக்கற இன்சூரன்ஸ் வாங்கலாமேன்னா அது எங்கள மாதிரி கீழ்பவானி வாய்க்கா பாசனக்காரனுக்கு இன்னும் கூத்து. நம்ம தண்ணி பெய்யறது நீலகிரியில, பவானியிலயும் மாயாத்துலயும் எறங்கி பவானிசாகர்ல சேருது. பெருந்துறை மழைமானியில என்ன விழுந்தா நமக்கென்ன? இங்க பொட்டு மழை இல்லாத வருஷமும் அணை 105 அடிக்கு ரொம்பி நின்னா நெல்லு நடலாம், இங்க நல்லா பேஞ்சும் அணை காலின்னா முறைத்தண்ணி கெடையாது.

அணையோட நீர்மட்டத்தையே கணக்கா வெச்சா என்னங்கறேன். ஆகஸ்ட் 15 வாக்குல இத்தன அடிக்கு கீழ இருந்தா ஆயக்கட்டுக்கு (அணைத்தண்ணி பாயற காடு மொத்தத்துக்கும்) இவ்வளவு பணம்னு எழுதிட்டா வயல அறுத்துப் பாக்கற வேலையே இல்ல. மதகு தெறக்கறத கணக்கா வெச்சா கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான், அது ஆபீசர் கையில இருக்குது. நீர்மட்டம் தெனமும் பேப்பர்லயே வருதே.

2020ல பயிர் காப்பீட்டுத் திட்டத்த மாத்துனப்ப, மத்திய அரசு மானியம் மானாவாரி ஏரியாவுல பிரீமியம் காப்பீட்டுத் தொகையில 30% ஆகற வரைக்கும், பாசன ஏரியாவுல 25% வரைக்கும்தான்னு வரம்பு வெச்சாங்க. பாசனம் இருந்தா ஆபத்து கம்மியாம். தண்ணிய நம்பி தென்னை வெச்ச பொள்ளாச்சிக்காரங்ககிட்ட போய் சொல்லட்டும். தென்னைக்கு தனி இன்சூரன்ஸ் இருக்குது, ஆனா மரம் செத்தாலோ ஒண்ணுக்கும் ஆகாம போனாலோதான் பணம், ஒரு வறட்சிக்கு குரும்பை கொட்டி ரெண்டு மூணு வருஷம் காய் கொறையறது அதுல சேராது.

கடன் வாங்குனவங்களுக்கு பேங்க்லயே பிரீமியம் புடிச்சுருவாங்க, வேண்டாம்னா கடைசி தேதிக்கு ஏழு நாள் முன்னாடியே எழுதிக் குடுக்கோணும். நான் எழுதிக் குடுக்கல, ஊரே மூழ்குனா, ஊரே காஞ்சா அது வேணும். ஆனா போர் வத்துனா இன்சூரன்ஸ் வரும்னு நம்பி மஞ்சள ஒரு ஏக்கரா கூட்டிப் போடறதா இல்ல.