சித்தப்பாவின் படகில் ரைன் நதியில்

ஜெர்மனியில் பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைன் நதி ஓடும் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு 2002 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. உல்லாசக் கப்பலின் மேல்தளத்திலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். கோட்டை, திராட்சைத் தோட்டம், மறுபடி கோட்டை. ஆனால் சித்தப்பாவின் சின்ன மோட்டார் படகில், கையை நீட்டினால் தண்ணீரைத் தொடும் உயரத்தில் உட்கார்ந்து போனபோதுதான் ஆற்றையே பார்த்தேன்.

பிங்கனில் கிளம்பியதுமே எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார். "கோட்டையெல்லாம் திரும்பி வரும்போது பார்க்கலாம். இப்போ நம்பரைச் சொல்லிக்கிட்டே வாம்மா." கரையோரப் பலகைகளில் இருப்பவை கிலோமீட்டர் எண்கள். கொன்ஸ்டான்ஸ் நகரப் பாலத்திலிருந்து எண்ணிக்கை தொடங்குகிறது. பிங்கன் 528. வானொலியில் கப்பல்காரர்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஊர்ப் பெயரோடு இந்த எண்ணையும் வைத்துத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆற்றின் போக்கில் போகும்போது கப்பல் பாதையின் வலது ஓரத்தில் சிவப்பு மிதவைகள், இடது ஓரத்தில் பச்சை. இரண்டுக்கும் நடுவே இருந்தால் ஆழம் கிடைக்கும். திரும்பி வரும்போது பக்கம் மாறிவிடும். அதை மனதில் பதிய வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

546-ஐ நெருங்கும்போது கௌப் ஊர். அதன் எதிரே, ஆற்றின் நடுவில் ஒரு பாறைத் திட்டில் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டை நிற்கிறது. கப்பல்களிடம் சுங்கம் வசூலிக்கவே 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. வெள்ளத்தையும் பனிக்கட்டிகளையும் பிளப்பதற்காக அதன் ஒரு முனையை ஆறு வரும் திசை நோக்கிக் கூராக்கியிருக்கிறார்கள். நங்கூரமிட்ட கல் கப்பல் போலவே இருக்கிறது. 1814 புத்தாண்டு நாளில் நெப்போலியனைத் துரத்தி வந்த பிரஷ்யத் தளபதி புளூகர் தன் படையை மிதவைப் பாலம் போட்டு இந்த இடத்தில்தான் ஆற்றைக் கடக்க வைத்தார்.

ஆனால் சித்தப்பாவுக்குக் கௌப் என்றால் நீர்மட்ட அளவுகோல்தான். காலையில் காபிக்கு முன்பே போனில் அதைத்தான் பார்த்தார். சரக்குக் கப்பல்கள் எவ்வளவு ஏற்றலாம் என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அது ஆற்றின் ஆழம் இல்லை; அளவுகோலின் சுழியம் ஆற்றின் அடியில் இல்லாததால் பாதையில் அதைவிடக் கூடுதலாகவே தண்ணீர் இருக்கும். இருந்தாலும் அந்த வருஷம் கப்பல்கள் பாதிச் சுமைகூட இல்லாமல் போனதைச் சித்தப்பா இன்னும் வருத்தத்தோடு சொல்கிறார்.

ஓபர்வேசல் ஊரைத் தாண்டினால் ஆறு நெருங்கி வளைகிறது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் கரையில் விளக்குக் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள்: மேலிருந்து கப்பல் இறங்கி வருகிறதா, அது எவ்வளவு நீளம் என்று ஏறி வருபவர்களுக்குக் காட்டும். இறங்குகிற கப்பலை நீரோட்டமும் தள்ளுவதால் சட்டென்று நிறுத்த முடியாது.

அந்த வளைவில் ஒரு நீண்ட எண்ணெய்க் கப்பல் எதிரே வந்தது. வலப்புறத்தில் நீலப் பலகை, அதில் மினுக்கும் வெள்ளை விளக்கு. வலப்பக்கத்தோடு வலப்பக்கம் கடப்போம் என்று அர்த்தம். நம் மாதிரிச் சின்னப் படகுகள் ஒதுங்கி வழி விட்டே ஆக வேண்டும். சித்தப்பா வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார். அலையைச் சாய்வாக வாங்கினோம்; முகமெல்லாம் தண்ணீர். உயிர்காப்பு அங்கியை அவர் கரையிலேயே மாட்டிவிட்டது ஏன் என்று அப்போது புரிந்தது.

அடுத்து லோரலை. 132 மீட்டர் செங்குத்துப் பாறை. எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் இடம், நான் குனிந்து பார்த்தேன். இருபது மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள தண்ணீர் சுழித்துச் சுழித்து மேலே வந்தது. திசைச்சக்கரத்தைச் சித்தப்பா விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். பேச்சே இல்லை.

ஸாங்க்ட் கோவாரில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். எதிர்நீச்சலில் இன்ஜின் முனகியது, போனதைவிட நேரம் வெகுவாக இழுத்தது. கோட்டைகளை நிதானமாகப் பார்க்க இதுதான் சரியான திசை. யாராவது உங்களைத் தனிப் படகில் கூட்டிப்போனால், கேமராவைத் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 570-இல் இருக்கும் போப்பார்ட் பெருவளைவு வரை போக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கௌப் அளவைப் பார்த்துத் தேதி சொல்கிறாராம்.