போகிப் புகையும் சாலைப் புழுதியும்: எடை ஒன்று, நஞ்சு வேறு

காற்றுத் தரச் செயலியில் தெரியும் எண் பெரும்பாலும் ஏ.க்யூ.ஐ. என்ற காற்றுத் தரக் குறியீடுதான், மைக்ரோகிராம் அல்ல. இந்தியக் குறியீட்டில் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்கள்) கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் 100 என்று காட்டும், ‘திருப்திகரம்’ என்ற பெயரோடு. 2009-இல் நாம் வகுத்த 24 மணி நேர வரம்பு அந்த 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னதோ 15.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த எண் எடையை மட்டுமே சொல்கிறது என்பது. துகள் எதனால் ஆனது என்று சொல்வதில்லை. மண் புழுதி, கடல் உப்பு, டீசல் கரி, டயர் புகை எல்லாவற்றுக்கும் தராசு ஒன்றுதான்.

2.5 மைக்ரோமீட்டர் துகள் ஒன்றின் எடைக்கு 0.1 மைக்ரோமீட்டர் துகள்கள் 15,625 வேண்டும். மொத்தப் பரப்பு 25 மடங்காகிவிடும். டீசல் கரி இந்த நுண்ணிய ரகம். அந்தப் பரப்பில்தான் புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்கள் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றறை வரை போகின்றன. பிரேக் பேட் தேய்ந்து வரும் செம்பும் இரும்பும் வேறு வழியில் கெடுக்கும்: நுரையீரல் திரவத்திலுள்ள குளூட்டதயோன் போன்ற காப்புப் பொருள்களைத் தின்று தீர்க்கும். அப்புறம் அழற்சி, இரத்தம் எளிதில் உறையும். மாசு மிகுந்த நாள்களில் மாரடைப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் போகி விடியலில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்திருக்கும். டயர் எரித்தால் துத்தநாகம், கந்தகச் சேர்மங்கள், ஹைட்ரோகார்பன் எல்லாம் தெருமட்டத்திலேயே தங்கிவிடும். பழைய பாயை எரிப்பதும் டயரை எரிப்பதும் ஒன்றல்ல. (பாய்ப் புகையும் நல்லதல்ல, அது வேறு கதை.)

மலிவான லேசர் சென்சார் வாங்கியவர்கள் கவனிக்க: 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே அதற்குக் கிட்டத்தட்டக் கண் தெரியாது. ஆகவே டீசல் கரியைக் குறைத்துக் காட்டும். மார்கழி ஈரத்தில் துகள்கள் நீர் குடித்து உப்புவதால் கூட்டியும் காட்டும். ஆலந்தூர், மணலி, வேளச்சேரி அரசு காற்றுத் தர அளவீட்டு நிலையங்களில் பக்கத்தில் இருப்பதன் அளவோடு அதே மணி நேரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகக்கவசம் என்95 ஆக இருக்கட்டும். மூக்குக் கம்பியை இரு விரல்களால் அழுத்திவிட்டு வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணோரம் காற்று பட்டால் பொருந்தவில்லை. தாடி இருந்தால் ஒழுகும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள். 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுழல 170 கன மீட்டர் சி.ஏ.டி.ஆர். (கருவி ஒரு மணி நேரத்தில் தரும் சுத்தக் காற்றின் அளவு) வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்ச வேகத்துக்கான எண். இரவில் அந்த இரைச்சலோடு யாரும் தூங்க மாட்டார்கள். இரட்டிப்பாக, 340 பார்த்து வாங்குங்கள். அயனியாக்கி உள்ளது வேண்டாம், ஓசோன் விடலாம். அந்த அறையில் கொசுவர்த்திச் சுருளும் கூடாது, வலை கட்டுங்கள்.