கயாக்குக்கு விளக்கு வாங்கின கதை

முதல் தடவை இருட்டில் கயாக்கை, அதாவது துடுப்பு போட்டு ஓட்டுகிற ஒடுக்கமான சின்னப் படகை, இறக்கியபோது என் தலையில் ஆயிரம் லூமன் ஹெட்லேம்ப் (லூமன் என்பது விளக்கு மொத்தமாகத் தருகிற ஒளியின் அளவு). அட்டைப்பெட்டியில் அந்த எண்ணைப் பெரிசாக அச்சடித்திருந்தார்கள், நானும் அதைப் பார்த்துதான் வாங்கினேன். பத்தாவது நிமிடமே சிக்கல். பக்கத்துக் கயாக்கில் வந்த நண்பனிடம் பேசத் திரும்பும்போதெல்லாம் அவன் துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். கொஞ்சம் மூடுபனி இறங்கியதும் வெளிச்சம் முழுக்க என் முகத்துக்கே திரும்பி வந்தது, மூக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது பின்னாலிருந்து ஒரு மோட்டார் படகு ஏறக்குறைய உரசுகிற தூரம் வரை வந்து, கடைசி நொடியில் ஒடித்துத் திரும்பி நின்றது. ஓட்டியவர் கத்தினார்: “விளக்குகூட இல்லாமலா வருவீங்க?”

ஆயிரம் லூமனைத் தலையில் கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் முன்னால் பார்த்துக்கொண்டு துடுப்பு போட்டேன். பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு என் தலை ஒரு கறுப்பு உருண்டை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகுதான் விதிகளை எடுத்துப் படித்தேன். 1972-இல் உருவாகி 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில், 12 மீட்டருக்குக் குறைவான படகின் வெள்ளை விளக்கு 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பின்னிணைப்பில் கணக்கும் போட்டிருக்கிறார்கள்: 4.3 கேண்டலா. கேண்டலா என்பது ஒரு திசையில் போகிற ஒளியின் அளவு. ஒரு சாதாரண மெழுகுவர்த்தி ஏறக்குறைய ஒரு கேண்டலா என்று வைத்துக்கொண்டால், நாலைந்து மெழுகுவர்த்தி. நம்மை மற்றவர்கள் பார்ப்பதற்கு வெளிச்சம் நிறைய வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மறைக்காமல் தெரிய வேண்டும். கரையில் தெருவிளக்கும் ஹோட்டல் விளக்கும் வரிசையாக எரிகிற இடத்தில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது, அங்கே கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனாலும் ஆயிரம் லூமன் தேவையே இல்லை.

துடுப்பு போடுகிற படகுக்கு அதே விதிகளில், 25-ஆம் விதியில், ஒரு சலுகை உண்டு. நிலையான விளக்குகள் இல்லாவிட்டால் வெள்ளை ஒளி தரும் ஒரு டார்ச்சைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்டினால் போதும். (ஆறு, ஏரிகளுக்கு அந்தந்த ஊர் விதி தனியாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) சொல்வதற்கு எளிது. இரண்டு கையிலும் துடுப்பு, மடியில் ஸ்ப்ரே ஸ்கர்ட் (படகுக்குள் தண்ணீர் வராமல் இடுப்பைச் சுற்றி மூடுகிற துணி), பின்னால் என்ன வருகிறது என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதே பாடு, இதில் டார்ச்சைத் தேடி எடுத்து, பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து, “போதிய நேரத்தில்” காட்டுவது எப்படி? என்னைக் கேட்டால் எப்போதும் எரிகிற, எல்லாப் பக்கமும் தெரிகிற ஒரு சுற்று விளக்கும் வேண்டும், லைஃப் ஜாக்கெட்டில் கயிறு போட்டுக் கட்டிய சின்ன டார்ச்சும் வேண்டும். அந்த டார்ச்சை எதிரே வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவை காட்டிவிட்டு உங்கள் துடுப்பு மேலேயும் நெஞ்சு மேலேயும் அடியுங்கள், அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவருக்குப் புரியும்.

சுற்று விளக்கை எங்கே வைப்பது? இருக்கைக்குப் பின்னால், ஒரு கம்பின் நுனியில், தலைக்கு மேலே. முன்னால் வைத்தால் ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும், ஒரு நல்ல வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பின்னால் வைத்தாலும் துடுப்பின் இலையிலும் படகின் முன்பக்கத்திலும் வெளிச்சம் விழுந்து கூசும். அதனால் விளக்கின் கீழ்ப்பகுதியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டேன். சுற்றுப்புறத்துக்கு ஒளி போகும், என் மேல் மட்டும் கொட்டாது.

கம்பிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கடல் கயாக் கவிழ்ந்தால் பின்பக்கத் தளத்தின் மேல் படுத்து ஊர்ந்துதான் மறுபடி ஏறுகிறோம், அதே இடத்தில் கம்பு நிற்கும். ஒரு இழுப்பில் கழன்று வருகிற மாதிரி பொருத்துங்கள், கயிறும் கட்டிவிடுங்கள். அதைவிட முக்கியமான விஷயம் எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை: நான் தண்ணீரில் விழுந்து, காற்று படகைத் தள்ளிக்கொண்டு போனால், விளக்கும் படகோடு போய்விடும். தேடி வருகிறவர்கள் ஆளில்லாத படகைக் கண்டுபிடிப்பார்கள். ஆகவே உடம்பில் தனியாக ஒன்று, லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையில், மிதக்கும்போது தண்ணீருக்கு மேலே நிற்கிற இடத்தில். கப்பல்களின் லைஃப் ஜாக்கெட் விளக்குக்குச் சர்வதேச அளவு 0.75 கேண்டலா, 8 மணி நேரம். அந்த வகை விளக்குகளே சின்னதாகக் கிடைக்கின்றன.

நிறம் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை: வெள்ளை. சிவப்பு என்றால் படகின் இடப்பக்கம், பச்சை என்றால் வலப்பக்கம் என்று எதிரே வருகிறவர் படித்து வைத்திருக்கிறார். நீங்கள் அழகுக்காகச் சிவப்பு விளக்கை மட்டும் பின்னால் மாட்டினால், அவர் உங்கள் திசையையே தப்பாகக் கணக்குப் போடுவார். வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளலாம், அது மடிக்குள்ளேயே இருக்கட்டும்.

விட்டு விட்டு எரிகிற ஸ்ட்ரோப் “நல்லா தெரியும்” என்று நிறையப் பேர் அதைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள். வேண்டாம். கவனத்தை ஈர்க்க ஸ்ட்ரோப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது 36-ஆம் விதி. அமெரிக்க உள்நாட்டு நீர்நிலைகளில் நிமிடத்துக்கு 50 முதல் 70 தடவை மின்னும் பிரகாசமான வெள்ளை ஒளி ஆபத்து சைகையாகவே கணக்கு. போதாததற்கு, இருட்டில் மின்னி மறைகிற புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் கணிப்பது கடினம். அது அவசரத்துக்கு மட்டும். வாங்கும்போது பொத்தானை அமுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரோப்பைக் கடந்துதான் சாதாரண ஒளிக்கு வர வேண்டும் என்றால் அந்த விளக்கைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

இனி தண்ணீர் சமாச்சாரம். விளக்கு எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதற்குப் பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று ஒரு தரக்குறியீடு போட்டிருக்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், மழைக்குச் சரி, கயாக்குக்குப் போதாது. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபிஎக்ஸ்8 என்றால் அதற்கு மேல், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். சொல்லாமல் வெறும் எட்டு மட்டும் போட்டிருந்தால் நான் நம்புவதில்லை. முக்கிப் பார்க்கிற இந்த 7, 8 சோதனைகள் அசையாத நல்ல தண்ணீரில் நடப்பவை. அலை அறைவதும் உப்பும் அதில் இல்லை. 7 தேறிய விளக்கு பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கான 6-ஐயும் தாங்கும் என்றும் அர்த்தமில்லை, அது தனிச் சோதனை.

நான் வாங்கிய இரண்டாவது விளக்கு ஐபிஎக்ஸ்7. இரண்டாவது தடவை கொண்டுபோன அன்றே கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்து, மங்கலான நிலா மாதிரி எரிந்தது. வீட்டுக்கு வந்து மூடியைத் திருகி விளக்கடியில் பார்த்தால், மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி! பேட்டரி மாற்றும்போது நான் வைத்துத் திருகியது. எரிந்து சூடான விளக்கு குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளித் தண்ணீரை உறிஞ்சுகிறது, அந்த முடியின் ஓரம் கிடைத்த வழி போதும். கம்பெனியைத் திட்டி மெயில் எழுதி முடித்திருந்தேன், அனுப்பவில்லை.

இப்போது பேட்டரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங்கைத் துடைத்து, விரல் நுனியில் சிலிக்கான் கிரீஸ் தொட்டுத் தடவுகிறேன். வாசலின் வேண்டாம், சில ரப்பர்களை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். புது விளக்கு வந்தால் உள்ளே டிஷ்யூ தாள் ஒரு துண்டு வைத்து, கால் மணி நேரம் எரியவிட்டுச் சூடாக்கி, வாளிக் குளிர்ந்த தண்ணீரில் கல் கட்டி அரை மணி முக்கி வைப்பேன். தாள் காய்ந்தே இருந்தால்தான் படகில் இடம். யுஎஸ்பி துளையை ஒரு ரப்பர் மடல் மட்டும் மூடுகிற விளக்குகளை உப்புத் தண்ணீருக்கு நான் எடுப்பதில்லை, அந்த மடல்தான் முதலில் தளரும்.

பெட்டியில் போட்டிருக்கிற மணிக்கணக்கையும் பாதி நம்பிக்கையோடு படியுங்கள். டார்ச்சுகளை அளக்கிற ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தர முறையில் எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் 10 சதவீதமாகக் குறையும்வரை. இருபது மணி நேரம் என்றால் இருபதாவது மணியில் பத்தில் ஒரு பங்குதான் எரிகிறது. நான் நாலு மணி நேரப் பயணத்துக்கும் புது லித்தியம் பேட்டரிதான் போடுகிறேன், குளிரிலும் தளராது, அல்கலைன் மாதிரி உள்ளேயே ஒழுகித் தொடுமுனைகளைத் தின்கிற தொல்லையும் குறைவு.

அந்த ஆயிரம் லூமன் ஹெட்லேம்ப் இப்போதும் உலர் பையில் கிடக்கிறது. கரையேறின பிறகு செருப்பைத் தேட அதை அடிக்க ஆள் இல்லை.