கவசம் களையும் மூன்று நாள்கள்: ஒற்றியூரும் ஏழுகிணறும்

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரரை எந்த நாளிலும் தரிசிக்கலாம். ஆனால் பெரும்பாலான நாள்களில் நம் கண்ணுக்குக் கிட்டுவது அவர்மேல் சாத்தியிருக்கும் கவசம்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் அந்தக் கவசத்தைக் களைந்து, புற்று வடிவான மூலத் திருமேனிக்குப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். அந்த மூன்று நாள்களில் காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் கூட்டம் சன்னதித் தெருவைத் தாண்டி நிற்கும். தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கியவர்களின் பின்னால் நடந்தாலே போதும், வழி கேட்க வேண்டியதில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற காசிமேட்டுப் பாட்டி ஒருவர், "வருசம் பூரா மூடி வெச்சிருக்காங்களேன்னு கேக்காத கண்ணு. மூடலைன்னா நீ இன்னிக்கி வந்திருப்பியா?" என்றார். சைவ சித்தாந்த வகுப்புகளில் பல மாதம் கேட்டும் எனக்குப் பிடிபடாத ஒன்றை அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டதாகத் தோன்றியது. இறைவனின் ஐந்தொழில்களாகச் சொல்லப்படும் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் வரிசையில் மறைத்தல் என்பது அருளலுக்கு முந்தைய படியாக வைக்கப்பட்டிருக்கிறது. மறைப்பதும் அவன் செயலே, அதுவும் உயிரைப் பக்குவப்படுத்துவதற்கே என்பது சித்தாந்தத்தின் துணிபு. ஆகவே ஞானம் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து உயிருக்குள் ஊற்றப்படும் ஒரு பொருள் அன்று. ஏற்கெனவே உள்ளதன்மேல் கிடக்கும் மூடி அகல்வது.

அந்த மூடிக்கு ஆணவம் என்று பெயர். சைவ சித்தாந்த ஆசிரியரான உமாபதி சிவம் திருவருட்பயனில், "ஒருபொருளும் காட்டாது இருளுருவம் காட்டும் இருபொருளும் காட்டாது இது" என்கிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், 'இங்கே இருட்டு இருக்கிறது' என்று தன்னையாவது காட்டிவிடுகிறது. ஆணவமோ பொருளையும் காட்டுவதில்லை, தன்னையும் காட்டிக்கொள்வதில்லை. அதனால்தான் அதற்குள் இருப்பவனுக்கு விளக்கு வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. அறியாமையைப் பற்றி இவ்வளவு கூர்மையாக இரண்டே அடியில் சொன்ன இடம் வேறு எந்த மொழியிலும் இருந்தால், அதைப் படிக்க எனக்கு ஆசை.

கருவறை வாயிலில் நின்ற நேரம் மிகக் குறைவு. தீப ஒளியில் தைலம் படிந்த அந்தத் திருமேனி கரிய மினுக்கத்துடன் தெரிந்தது, அவ்வளவே. பின்னாலிருந்து வரும் நெருக்கடியில் அதற்குமேல் கிடைக்காது, கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வெளிப்பிராகாரத்தில் வந்து நின்று, யானையின் பின்புறம்போல் வளைந்திருக்கும் கல் விமானத்தைப் பார்த்தேன். முதலாம் இராசேந்திரன் காலத்தில், இக்கோயில் மடத்தின் தலைவராயிருந்த சதுரானன பண்டிதர் முன்னின்று எழுப்பிய விமானம் அது. சதுரானன பண்டிதர் என்ற பட்டத்தை முதலில் ஏற்றவர் ஒரு படைவீரர். 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் இராசாதித்தன் மாண்டபோது அவனுடன் சாக வாய்க்கவில்லையே என்ற துயரத்தில் துறவு பூண்டு, நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று இந்த ஊரில் தங்கிவிட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஞானம் தேடி வருபவர்கள் எல்லோரும் அமைதியிலிருந்து வருவதில்லை.

இந்த ஊரில் ஒளி என்றால் அதற்கு விலை உண்டு என்பதைச் சொல்பவர் கலிய நாயனார். திருவொற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் செக்கு வைத்து எண்ணெய் வாணிபம் செய்தவர், கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றுவதையே தொண்டாகக் கொண்டார். செல்வம் கரைந்தது. பிறர் செக்கில் கூலிக்கு உழைத்தார். அந்தக் கூலிவேலையும் கிடைக்காமற் போனது. மனைவியை விற்கத் துணிந்தார் என்ற இடத்தில் இன்றைய வாசகருக்கு முகம் சுளிக்கும். எனக்கும் சுளிக்கத்தான் செய்கிறது, பக்தியின் பெயரால் அதை நியாயப்படுத்த நான் முன்வர மாட்டேன். எதுவும் வழியில்லை என்றானபோது அகல்களில் திரியை இட்டு, எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தையே வார்க்கக் கழுத்தை அரிய முனைந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான் என்று பெரியபுராணம் முடிக்கிறது. ஞானத்தை 'ஒளி' என்று எளிதாக எழுதிவிடுகிறோம். அந்த ஒளிக்கு எண்ணெய் வார்ப்பவர் யார் என்ற கேள்வியை இந்த வாணிகர் நம் முன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சுந்தரர் கதையோ தலைகீழானது. ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து இங்கே கோயில் தொண்டு செய்துவந்த சங்கிலியாரை மணந்து, 'உன்னைப் பிரியேன்' என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தவர், திருவாரூர் நினைவு வந்ததும் சத்தியத்தை மீறி எல்லை கடந்தார். அந்த எல்லையிலேயே இரு கண்ணும் மறைந்தன. மகிழடி சேவை என்ற பெயரில் மாசித் திருவிழாவில் அந்தச் சத்தியம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. பார்வை இழந்தவர் திருவெண்பாக்கம் சென்று, 'கோயிலில் உள்ளீரோ' என்று கேட்க, 'உளோம் போகீர்' (இருக்கிறோம், போங்கள்) என்ற விடையும் ஓர் ஊன்றுகோலும் மட்டுமே கிடைத்தன. (பழைய திருவெண்பாக்கக் கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக இடம் மாற்றப்பட்டது, சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீருக்குள் அந்தப் பழைய மண் கிடக்கிறது.) பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணுமாக அவருக்குப் பார்வை திரும்பியது. 'தம்பிரான் தோழர்' என்று போற்றப்பட்டவருக்கும் ஒளி தவணை முறையில்தான் வந்தது. தோழமை என்பதற்காகச் சலுகை கிட்டவில்லை.

இதே தலத்தில் அப்பர் பாடிய பாட்டு ஒன்றை, அறிவு பெரிதா அருள் பெரிதா என்று வாதிடும் நண்பர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. "மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றி" என்று தொடங்கும் அந்தத் திருநேரிசையில் சினம் சரக்காகிறது, மதன் என்னும் காமப் பாறையில் தோணி மோதிக் கவிழ்கிறது. அந்த வேளையில் "உனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூ ருடைய கோவே" என்று, இறைவனை நினைக்கும் உணர்வையே வேண்டுகிறார். கடற்கரை ஊரில் நின்று பாடியவருக்குத் தோணியும் கோலும் கண்ணெதிரே இருந்திருக்கும். இங்கே மதியை அவர் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோல் இல்லாமல் தோணி நகராது. ஆழம் குறைந்த இடத்தில் தரையை எட்டும் கோல், ஆழ்கடலில் எதையும் எட்டுவதில்லை என்பதே அவர் கண்ட எல்லை. 1784-இல் ஐரோப்பாவில் இம்மானுவேல் காண்ட், பிறர் வழிகாட்டுதலைச் சாராமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தும் துணிவுதான் அறிவொளி என்று எழுதினார். அவர் பேசியது கோலின் வலிமையை. அப்பர் பேசியது கோல் எட்டாத ஆழத்தை. இரண்டையும் ஒன்று என்று சொல்வது இருவருக்கும் அநீதி.

புத்தரின் வழி இன்னொன்று. போதி மரத்தடியில் அவர் பெற்றது எவரும் வழங்கிய அருள் அன்று, தாமே முயன்று கண்டது. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும், 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதிய இலட்சுமி நரசுவும் இதே சென்னையில் அந்த வழியைச் சாதி மறுப்பின் கருவியாகவும் கண்டவர்கள். ஞானம் ஒருவரின் உள்ளத்தோடு நின்றுவிடாமல் சமூகத்தின் கட்டமைப்பையே கேள்வி கேட்கும் என்பதற்கு அவர்கள் சான்று.

மாலையில் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கு நடந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், "காதற்ற ஊசியும் வாராதுகாண் கடைவழிக்கே" என்ற ஓலையைக் கண்டு எல்லாவற்றையும் விட்டவர், கரும்பின் நுனி இனிக்கும் இடத்தில்தான் முத்தி என்று அறிந்து ஒற்றியூருக்கு வந்தார் என்பது மரபு. கடற்கரைச் சிறுவர்களோடு விளையாடி, தம்மைக் கூடையால் மூடச் சொல்லி, மூடிய இடத்தில் இல்லாமல் வேறோரிடத்தில் தோன்றிச் சிரித்தவர், கடைசியாக மூடியபோது திறந்தால் உள்ளே இலிங்கம் இருந்ததாம். காலையில் கோயிலில் கவசம் களைவதைக் கண்டு வந்தவனுக்கு இந்தக் கதை வேறு விதமாகக் கேட்டது. அங்கே மூடி அகன்றால் இறைவன். இங்கும் மூடி அகன்றால் இறைவன். ஆனால் இங்கே மூடியினுள் போனவர் ஒரு மனிதர்.

மறுநாள் ஏழுகிணறு சென்றேன். கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த கிணறுகளால் பெயர் பெற்ற அந்தப் பகுதியில், நெருக்கமான வீராசாமித் தெருவில் வள்ளலார் வளர்ந்த வீடு இருக்கிறது. 1823-இல் மருதூரில் பிறந்து குழந்தையாகவே சென்னைக்கு வந்தவர், பள்ளிப் படிப்பில் நாட்டமின்றி இந்த வீட்டு மாடி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்முன் விளக்கேற்றி அமர்ந்தார். கண்ணாடியில் தணிகை முருகன் தோன்றினான் என்பது அவர் வரலாறு. கண்ணாடியில் முதலில் தெரிவது நம் முகம். அதையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் எப்போது தன்னைக் காண்பதை விட்டு வேறொன்றைக் கண்டான் என்று அந்த அறையின் குறுகலில் நின்று யோசித்தேன். அங்கிருந்து நடந்தே சென்றால் எட்டும் தூரத்தில் கந்தகோட்டம். "ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்" என்று அவர் பாடிய சன்னதி. ஒற்றியூருக்கும் அவர் இடைவிடாமல் நடந்தார். வடிவுடையம்மன்மேல் மாணிக்கமாலை பாடினார். இரவு தாமதமாகித் திண்ணையில் பசியோடு படுத்தவருக்கு அம்மனே அண்ணியார் வடிவில் வந்து சோறிட்டாள் என்று அடியவர்கள் சொல்வார்கள். அந்தப் பசியை அவர் பிறகு மறக்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம்.

1858 வாக்கில் சென்னையை விட்டவர், 1867-இல் வடலூரில் தருமச்சாலையையும் 1872-இல் சத்திய ஞானசபையையும் நிறுவினார். ஞானசபையில் ஏழு நிறத் திரைகள் ஒவ்வொன்றாக விலக, இறுதியில் தெரிவது ஒரு தீபம். ஒற்றியூரில் அவர் இளமையில் கண்ட கவசம் இதற்கு வித்திட்டதா என்று எந்த நூலும் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மூடி களைவதைக் கண்டு வளர்ந்தவர் திரைகளைத் தம் வழிபாட்டின் நடுவில் வைத்ததில் எனக்கு வியப்பில்லை. மறைப்பவை பிறப்பில் ஒட்டியவை மட்டுமல்ல, நாமே நெய்தவையும் உண்டு என்பதைக் கண்டு, "கண்மூடி வழக்கமெலாம் மண்மூடிப் போக" என்றும் அவர் பாடினார். சாதியையும் சடங்கையும் அந்தத் திரைகளில் அவர் சேர்த்தது பலருக்குப் பொறுக்கவில்லை. அவர் பாடல்களை அருட்பா என்று அழைப்பதே தகாது என்று வழக்கு மன்றம்வரை சண்டை போனது.

வடலூரில் ஞானசபையின் வாயிலில், கொலையும் புலையும் (ஊன் உண்ணலும்) தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற விதி எழுதப்பட்டிருக்கிறது. சற்று தள்ளி இருக்கும் தருமச்சாலையில் அப்படி எந்த விதியும் இல்லை. அவர் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. ஊர், சமயம், சாதி கேட்காமல் பசித்து வந்தவர் எவருக்கும் இலை போடுகிறார்கள்.