சென்டர் ஹாஃபில் நின்றவர்கள்

எங்கள் கல்லூரி மலர்களை எடுத்துப் பாருங்கள். எந்த ஆண்டு மலராக இருந்தாலும் சரி, உதைபந்தாட்டப் பக்கத்தில் கோல் அடித்தவரின் படம் பெரிதாக இருக்கும், கோல் காத்தவரின் படமும் இருக்கும், நடுவில் நின்று ஆட்டம் முழுக்க ஓடியவரின் பெயர் அணிப் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும். பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளை மலருக்கு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டதும் அந்த நடு ஆட்டக்காரரை, அதாவது சென்டர் ஹாஃபைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நான் எடுத்துக்கொண்ட ஆள் நம்ம கல்லூரியில் படித்தவர் இல்லை. பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடிய என்கோலோ கான்டே. ஆனால் அவருடைய ஆட்டத்தைப் பார்க்க எனக்குக் கண் தந்தது நம்ம பி.ரி. மாஸ்டர்தான்.

90களின் முற்பகுதியில், போர்க்காலத்தில், ஊரில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கே வரிசை, புதுப் பந்து எங்கிருந்து வரும்? இருந்த பந்தின் தையல் விட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து விளையாடினோம். மாரி மழையில் ஊறினால் அது கல்லுப்போலக் கனக்கும், தலையால் இடித்தவன் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பான். 1994 உலகக் கிண்ணத்தைச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, வானொலியில்தான் கேட்டோம். பிரேசில் வென்றதும் எங்கள் வாயில் ரொமாரியோவைத் தவிர வேறு பெயர் இல்லை. மாஸ்டர் மட்டும் அடுத்த பயிற்சியில் அணித் தலைவர் துங்காவைப் பற்றிப் பேசினார். "பந்து வாறதுக்கு முன்னம் வாற இடத்தில நிக்க வேணும், அதுதான் ஹாஃபின்ர வேலை" என்பார். அதை அவர் சொல்லும்போதெல்லாம் கண் கட்டையன் பக்கம்தான் போகும்.

கட்டையனை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், இப்போது கனடாவில் இருக்கிறான். உயரம் இல்லை, உதையிலும் பெரிய பலம் இல்லை, ஆனால் எதிரணியின் பந்து எங்கே போனாலும் அங்கே அவன் இருப்பான். மாவட்டத் தேர்வுக்குப் போனபோது ஆளைப் பார்த்தவுடனேயே "தம்பி, நீ சின்ன ஆள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை மணி நேரம் ஆடவிட்டாவது பார்த்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

கான்டேயின் கதை அதே இடத்தில்தான் தொடங்குகிறது. பெற்றோர் மாலி நாட்டிலிருந்து வந்தவர்கள், பிறந்தது 1991இல் பாரிஸில், வளர்ந்தது மேற்குப் புறநகரான ருயி-மல்மெசோனில். பக்கத்து ஊர் சுரேன் கழகத்தில் சிறுவயதில் சேர்ந்தவர் 19 வயது வரை அங்கேயே ஆடினார். பெரிய கழகங்களின் பயிற்சிக்கூடங்கள் அவரை எடுக்கவில்லை, காரணம் உயரம். இன்றைக்கும் ஆள் குள்ளம்தான். நான் லா டிஃபான்ஸில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்த காலத்தில் T2 ட்ராமில் சுரேன் வழியாகத்தான் போய்வருவேன். புதன்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகள் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டமாக ஏறுவார்கள். அப்படி ஏறியவர்களில் அவரும் இருந்திருக்கலாம், யார் கண்டது?

2010இல் அவர் போனது வடக்கே கடலோரத் துறைமுக ஊரான பூலோன்-சுர்-மேருக்கு. (பாரிஸை ஒட்டிய பூலோன் வேறு.) முதலில் இரண்டாம் அணி. பயிற்சிக்குக் காலால் உந்தும் ஸ்கூட்டரில் போவாராம், கூடவே கணக்கியல் படிப்பும். 2012 மே மாதம் முதல் அணியில் சற்று நேரம் இறக்கினார்கள், அந்தப் பருவத்தோடு கழகம் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. 21 வயதில் மூன்றாம் பிரிவில் ஆடும் குள்ளமான ஒரு பிள்ளையை அன்றைக்கு யார் கணக்கில் எடுத்திருப்பார்கள்? 2013இல் பிரான்ஸின் கான் (Caen) கழகம் எடுத்தது, அடுத்த ஆண்டே அந்த அணி முதற்பிரிவுக்கு ஏறியது. 2015இல் இங்கிலாந்தின் லெஸ்டர் கழகம்.

லெஸ்டரில் ஆள் தேடும் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் வால்ஷ் விடாமல் வற்புறுத்தித்தான் பயிற்சியாளர் ரனியெரியைச் சம்மதிக்க வைத்தார். அங்கேயும் தயக்கம் உயரத்தைப் பற்றித்தான். அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கில் வேறு எவரையும்விட அதிகமாக, 175 முறை, எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தார். வெல்லும் வாய்ப்பு 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் வைத்திருந்த அணி 2016 மே மாதம் கிண்ணம் தூக்கியது. எல்லோரும் வார்டியையும் மஹ்ரேஸையும் பேசினார்கள், பேச வேண்டியவர்கள்தான், அவர்கள் அடித்த கோல்கள் அப்படி. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். கான்டே லண்டன் கழகமான செல்சிக்குப் போனார். முந்தைய பருவத்தில் 10ஆம் இடத்தில் முடித்திருந்த செல்சி சாம்பியன், லெஸ்டர் 12ஆம் இடத்துக்கு இறங்கியது. செல்சியில் புதுப் பயிற்சியாளர் கொன்ட்டே வந்ததும் ஒரு காரணம், லெஸ்டருக்கு ஐரோப்பியப் போட்டிகளின் சுமையும் இருந்தது, அதெல்லாம் சரி. என்றாலும் ஓர் ஆள் இடம் மாறியதில் இவ்வளவு மாறியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டு வெவ்வேறு கழகங்களோடு அடுத்தடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்துச் சாம்பியன் ஆனதில் அவருக்கு முன்னோடி பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கான்டோனா. அதே கான்டோனாதான் 90களில் பிரான்ஸின் நடு ஆட்டக்காரர் தெஷாம்ப்பை வெறும் தண்ணி சுமக்கிறவர் என்று இளக்காரமாகச் சொன்னவர். அந்தத் தெஷாம்ப் 1998இல் தலைவராக உலகக் கிண்ணத்தைத் தூக்கினார், 2018இல் பயிற்சியாளராகக் கான்டேயை நடுவில் நிறுத்தி மறுபடியும் வென்றார். அந்த 2018 போட்டியில் ரஷ்யாவின் கசானில் ஆர்ஜென்டினாவோடு நடந்த 4-3 ஆட்டத்தை மீண்டும் பார்க்கக் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டுக் கான்டேயை மட்டும் பாருங்கள். மெஸ்ஸி திரும்பும் பக்கத்தில் அவர் முன்கூட்டியே நிற்பார். கால் நீட்டி விழுந்து பறிப்பது குறைவு, இரண்டு எட்டு வைத்துக் குறுக்கே வந்து, பந்தை எடுத்து, பக்கத்தில் உள்ளவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடிவிடுவார். இறுதியாட்டம் முடிந்து கிண்ணம் கைமாறிக்கொண்டிருந்தபோது அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றார். சக ஆட்டக்காரர் என்சொன்சி சொல்லித்தான் அவர் கையிலும் கொடுத்தார்கள்.

2021இல் செல்சிக்காக, ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டுடன் இரண்டு ஆட்டங்களிலும், பிறகு போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியை வென்ற இறுதியாட்டத்திலும் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். கோல் அடிக்காத ஒருவருக்கு அது கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அப்புறம் தொடைத் தசைக் காயம், அறுவைச் சிகிச்சை. 2022 உலகக் கிண்ணம் போயிற்று, 2023இல் சவூதியின் அல் இத்திஹாதுக்குப் போனார், இனி ஐரோப்பாவில் காண முடியாது என்று எழுதினார்கள்.

2024இல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கிண்ணத்துக்குத் தெஷாம்ப் அவரைத் திரும்ப அழைத்தபோது இங்கே கோப்பிக் கடைகளில் பெரிய வாதம். ஆளுக்கு 33 வயது, தேசிய அணியில் ஆடி இரண்டு ஆண்டுகள். முதல் ஆட்டம் ஆஸ்திரியாவோடு, டுசல்டோர்ஃபில். கடைசி நிமிடங்களில்கூடத் தன் கோல் பக்கம் ஓடிவந்து பந்தை மீட்டுக்கொண்டிருந்தார். பிரான்ஸ் 1-0, சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. ஆட்டம் முடிந்த கையோடு கனடாவிலிருந்து கட்டையன் எடுத்தான். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "பாத்தியோடா, மாஸ்டர் சொன்ன இடத்திலதான் நிண்டவன்" என்றான்.